மிஞ்சின கலர்

அதெப்படி எட்டும் ஒரே மாதிரி நன்றாக இருக்க முடியும், எட்டுப் புடவையை விரித்துப் போட்டால் ஒன்று தானாக முன்னால் வரும், ஒன்று பின்வாங்கும், மற்ற ஆறும் நடுவில் முழித்துக்கொண்டு நிற்கும், அதுதானே நாற்பது வருஷமாகப் பார்த்த சங்கதி, ஆனால் இந்தக் கூரை ஓட்டுத் துண்டுகள் எட்டும் கல்லா மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு நீயே சொல், நீயே சொல் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன... அய்யாதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மணி மூன்றேகால். நான்கரைக்குள் கலரைச் சொல்லிவிட வேண்டும், சொன்னால்தான் இன்றைக்கே திருச்சூரில் லோடு ஏற்றுவார்கள், இன்றைக்கு ஏற்றினால்தான் ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை மூடும் என்று வீடு கட்டிக்கொடுக்கும் எஞ்சினியர் வெங்கடேஷ் காலையில் துண்டுகளை இறக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சார், நீங்க கலர்லயே பொறந்து வளந்தவரு, உங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை என்று ஒரு சிரிப்பு வேறு. அந்த ஐந்து நிமிஷ வேலை ஐந்து மணி நேரமாக நடந்துகொண்டிருக்கிறது. புரட்டாசி மாசத்து மத்தியானம், கல்யாணக் கூட்டம் கிடையாது, தீபாவளிக் கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, கடையில் மின்விசிறிகள் தங்களுக்குத் தாங்களே சுற்றிக்கொண்டிருந்தன, ஆகவே வியாபாரத்தைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

எதைப் போட்டு மூடுவது என்பதற்கே இரண்டு மாதம் போயிற்று. பாலவாக்கத்தில் கடலுக்கு நாலாவது தெரு, பத்து நிமிஷம் நின்றால் உதடு கரிக்கிற காற்று. இடப்பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு நீலத் தகர ஷீட் போட்டார், மூன்றே வருஷத்தில் திருகாணி இறங்கின இடமெல்லாம் துரு, மழை பெய்தால் அந்த வீட்டில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காதாம், அதனாலேயே அங்கே புருஷன் பெண்டாட்டி ஒற்றுமையாக இருக்கிறார்களோ என்னவோ. வலப்பக்கத்தில் வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட், திருப்பி அடிக்கிறதுதான், நேராக அய்யாதுரையின் கண்ணில். சுட்ட மண் ஓடு அவருக்குப் பிடிக்கும், ஆனால் பாசி பிடிக்கும், உடையும், மாற்றுவதற்கு வருஷா வருஷம் ஆள் ஏற்ற வேண்டும். கடைசியில் சரிவாகக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் சட்டம் அடித்து, பளபளப்பு ஏற்றின செராமிக் ஓடு என்று முடிவாயிற்று, அடியில் காற்று ஓட இடைவெளி இருக்கும், எந்தக் கலர் போட்டாலும் சூடு கீழே இறங்காது, உப்பும் ஒட்டாது என்று வெங்கடேஷ் சத்தியம் பண்ணாத குறை. பெங்களூரில் இருக்கிற மகள் தாரணிக்குப் போட்டோ அனுப்பினால் மறு நிமிஷமே கரும்சாம்பல், இப்போ எல்லாரும் அதுதான் போடுறாங்கப்பா என்று பதில் வருகிறது. எல்லாரும் அதுதான் எடுக்கிறார்கள் என்பது விற்கிறவன் சொல்ல வேண்டிய வசனம், அதை வாங்குகிறவன் நம்பலாமா, அதுவும் புடவைக்கடைக்காரன் மகள்... கரும்சாம்பல் என்றால் யானைக் கலர், வீட்டின் தலையில் யானையை ஏற்றி உட்காரவைத்தால் அதை யார் இறக்குவது.

ஒருத்தி படியேறும்போதே அவருக்குத் தெரிந்துவிடும், இந்த அம்மாள் மாம்பழ மஞ்சள் கேட்பாள், அரைமணி பார்ப்பாள், கடைசியில் அரக்கில் போய் விழுவாள் என்று. கூட வந்த மருமகள் மயில்கழுத்தைத் தொட்டுவிட்டு மாமியார் முகத்தைப் பார்ப்பாள், அந்தப் பார்வையிலேயே அந்த வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். உஸ்மான் ரோட்டை ஒட்டின இந்தச் சந்தில் எத்தனை பெரிய கடைகள் வந்தன, எஸ்கலேட்டர் வைத்தன, வாசலில் பொம்மை நிறுத்தின, ஆனாலும் அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தால் தப்பாது என்று மூன்றாம் தலைமுறை வரைக்கும் இங்கேதான் ஏறி வருகிறார்கள். அப்பேர்ப்பட்ட கை, இப்போது ஓட்டின்முன் கட்டிப்போட்டது மாதிரி கிடக்கிறது. சரி, கடைப் பழக்கப்படியே பிரிப்போம் என்று பிரித்தார். செங்கல் சிவப்பு, எப்போதும் ஓடும். பாட்டில் பச்சை, நிதானமாக ஓடும். கடல் நீலம், கடல் பக்கத்தில் கடல் நீலமா, கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. வெந்தயம், சந்தனம், யானை, மிளகாய்ப்பழம்... எட்டாவது துண்டை அவர் விரல் யோசிக்காமலேயே மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. பளபளவென்று கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த ஒரு நிறம், அட்டையில் இங்கிலீஷில் சாக்லேட் என்று போட்டிருந்தான், கடையில் அதற்குப் பெயர் புளியங்கொட்டை. நகராது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே இது நகராத சரக்கு, இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று இளம்பிள்ளைத் தறிக்காரரிடம் சொல்லி அவரே நிறுத்திய கலர். மீதி ஏழு. முகட்டில் வைக்கிற ஓட்டை வேறு கலரில் எடுத்தால் என்ன, உடம்பு ஒன்று, பார்டர் ஒன்று... சீ, வீட்டுக்குப் பார்டர் பார்க்கிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்பெல்லாம் சரி, வீட்டுக்காரிக்கு எது பிடிக்கும்? காலையில் இட்லி வைக்கும்போது கேட்டார், புஷ்பம், ஓட்டுக்கு என்ன கலரு சொல்லட்டும்? தங்கபுஷ்பம் சட்னியைக் கிளறிக்கொண்டே, உங்களுக்குத் தோதா எடுங்க, நான் என்னத்தக் கண்டேன் என்றாள். மனை அவள் பேரில், கட்டுகிற வீடும் அவளுக்காகத்தான், அறுபது வயதுக்குமேல் கடல் சத்தம் கேட்டுக்கொண்டு சமைக்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசைக்காகத்தான், அந்த வீட்டுக்கு அவளுக்குப் பிடித்த கலர் எது என்று... அய்யாதுரைக்கு அந்த இடத்தில் காலையிலிருந்தே ஒரு முள். ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் கலர் சொல்கிறவனுக்கு முப்பத்துநாலு வருஷமாகக் கூட இருக்கிறவளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று தெரியவில்லை. அவள் எடுத்துக் கட்டினால் அல்லவா தெரியும். அப்பா வைத்துவிட்டுப் போன சட்டம், புதுச் சரக்கில் வீட்டு ஆள் கை வைக்கக் கூடாது, வாங்க வருகிறவர்களுக்கு முதல் கை, மிஞ்சினதுதான் நமக்கு. கல்யாணமான முதல் தீபாவளிக்குப் பிரித்த பண்டலிலிருந்து அவள் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள், இவர் சட்டத்தைச் சொன்னார், அவள் மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிட்டாள்... அது என்ன கலர்? ஞாபகம் வரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளி முடிந்ததும் மிஞ்சினதில் நாலைந்தை மடித்து அவரே வீட்டுக்குக் கொண்டுபோவார், அவளும் கட்டுவாள், முகம் சுளித்ததில்லை. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கேலி பேசுவார்கள், தங்கபுஷ்பம் உடுத்தியிருந்தால் அந்த வருஷம் கடையில் எது ஓடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம் என்று. அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அவரையும்தான் சொன்னார்கள், முப்பத்துமூன்று வயதுவரை மிஞ்சின மாப்பிள்ளை என்று. உடன்குடியில் ஒரு பெண், ஜாதகம் பொருந்திவிட்டது என்று சொன்னவர்களே ஒரு மாதம் கழித்துப் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள், அதற்கு அடுத்த மாதம் தங்கபுஷ்பத்தின் ஜாதகத்தைத் தரகர் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த உடன்குடிப் பெண்ணே கல்யாணத்துக்கு வந்து தங்கபுஷ்பத்தின் காதில் என்னவோ சொல்லிச் சிரித்தாள், பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சாம். அது கிடக்கட்டும், கூரைக்கு வருவோம், இந்த ஒன்றாவது அவளுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், மிஞ்சினதாக இருக்கக் கூடாது, அதற்குத்தான் இந்தப் பாடு.

இன்னா அண்ணாச்சி, காலைலேந்து ஓட்டையே பாத்துக்கினு கீறீங்க என்று கமர் ஜஹான் வந்து நின்றாள். காட்டன் பகுதி அவள் பொறுப்பு, இருபத்தாறு வருஷமாக, ராயப்பேட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து போகிறாள், இந்தக் கடையில் எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், பழக்க தோஷம், ஒன்றைத் தோளிலும் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஓரத்தில் கிடந்ததைக் கையில் எடுத்தாள்.

"இத்த மட்டும் ஏன் அண்ணாச்சி ஓரங்கட்டிட்டீங்க?"

"புளியங்கொட்டை, கமரு. நகராது. ஒனக்குத் தெரியாததா, நம்ம கடையிலயே எத்தன வருசம் தூங்குச்சு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா இருமுகிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"அது தூங்கல அண்ணாச்சி. நாங்கதான் தூங்க வெச்சோம்."

நாங்க என்றால் யார் என்று கேட்டார், நானும் அக்காவும் என்றாள். எந்த அக்கா என்று கேட்கப்போய், கேட்காமல் நிறுத்திக்கொண்டார், இந்தக் கடையில் கமர் அக்கா என்று கூப்பிடுவது ஒரே ஒருத்தியைத்தான். அவள் நிதானமாகச் சொன்னாள், சொல்லச் சொல்லக் கையில் இருந்த ஓட்டைத் துடைத்துக்கொண்டே, தீவாளி சரக்கு பிரிக்கிற அன்னிக்கு அக்கா சோறு எடுத்துக்கினு வருவாங்க இல்ல, எல்லாத்தையும் தடவித் தடவிப் பாப்பாங்க, அப்பால இந்தக் கலர்ல ஒண்ணு, சில வருசம் ரெண்டு, என் கையில குடுத்து அடியில வை கமருன்னுவாங்க, நான் லைனிங் துணிக்கு அடியில சொருகிடுவேன், தீவாளி முடிஞ்சி மிஞ்சினத எல்லாம் வெளிய எடுக்கச் சொல்லுவீங்க, அப்ப அதுவும் வெளிய வரும், நீங்களே மடிச்சி நீங்களே எடுத்துக்கினு போவீங்க. அய்யாதுரை வாயைத் திறந்தார், முதலில் வந்தது வியாபாரிதான், புருஷன் அப்புறம்தான் வந்தான்.

"கஸ்டமர் யாரும் அந்தக் கலரக் கேக்கலியா?"

"கேக்காம? ஸ்கூல் டீச்சருங்களுக்கெல்லாம் அந்தக் கலருன்னா உசுரு. நாலு வந்தா ரெண்டு அன்னிக்கே பூடும், மீதி எங்கன்னு கேப்பாங்க, தீந்துடுச்சின்னுவேன்."

நாலு வந்து இரண்டு அன்றைக்கே போகிற கலரை நகரவில்லை என்று... மிஞ்சினதில் அடிக்கடி அதுவே கிடக்கிறதைப் பார்த்து, கணக்குப் போட்டு, பெரிய புத்திசாலியாக, வேண்டாம் என்று நிறுத்தியது இந்தக் கைதான். இந்த வியாபாரத்தில் தனக்குத் தெரியாமல் ஒரு நூல் அசையாது என்று பேசிக்கொண்டு திரிந்த வாய்தான். இரண்டு பொம்பளைகள், ஒருத்தி சோற்றுக் கூடையோடு, ஒருத்தி அளவு டேப்போடு, அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில்... அவருக்குக் கோபம் வர வேண்டும் என்று பார்த்தார், வரவில்லை, வயிற்றிலிருந்து சிரிப்புத்தான் கிளம்பியது, ஆனால் அது தொண்டைக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. முதல் தீபாவளி. தோளில் வைத்துப் பார்த்தது. அது இந்தக் கலர்தான், சந்தேகமே இல்லை, கழுத்துச் செயினுக்குக் கீழே அந்தக் கருஞ்சிவப்பு, அவள் மாநிறத்துக்கு அது எப்படி எடுத்துக் கொடுத்தது, இவ்வளவு தெளிவாக இருக்கிறது, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது இந்த ஞாபகம். சட்டத்தை அவள் மீறவே இல்லை. மிஞ்சினதுதான் நமக்கு என்றால், சரி, மிஞ்சட்டும் என்று மிஞ்ச வைத்துக்கொண்டாள். அப்படியானால் அவர் நிறுத்தினபிறகு? அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம்? அப்புறம் அக்கா சரக்கு பிரிக்கிற அன்னிக்கு வர்றது கம்மியாப்பூடுச்சி, சோத்த குடுத்து அனுப்புனாங்க, நெனப்பு கீதா என்றாள் கமர். நினைப்பு இருந்தது. முட்டி வலி என்று சொன்னாள், இவரும் தைலம் வாங்கிக் கொடுத்தார். அது முட்டிவலிதானா, இல்லை வேறா... அந்த வருஷங்களில் அவள் கட்டினதெல்லாம் நிஜமாகவே மிஞ்சினது, அதையும் முகம் சுளிக்காமல்தான் கட்டினாள், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டுதான் இவர் ஊருக்குக் கலர் சொன்னார். வந்தது அழுகை என்று சொல்ல முடியாது, அதற்குப் பக்கத்து வீடு.

இத்தன வருசமா சொல்லாம இப்ப மட்டும் ஏன் சொல்லுத என்று கேட்டார். கமர் ஓட்டை மேஜையில் வைத்தாள், ஓரத்தில் வைக்கவில்லை, நட்டநடுவில் வைத்தாள்.

"இது புடவ இல்ல அண்ணாச்சி, வீட்டு மேல ஏத்துற ஓடு. இத்த அடியில ஒளிச்சி வெக்க எங்களால முடியாது இல்ல."

பிறகு அவளாகவே போய்க் கீழ் அடுக்கின்முன் குனிந்தாள், லைனிங் துணிக் கட்டுகள் நாலைந்தை நகர்த்தினாள், பழைய செய்தித்தாளில் சுற்றின ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கலர் வந்த கடைசி வருஷத்தது. அந்த வருஷம் மிஞ்சினதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மொத்தமாக ஆடித் தள்ளுபடியில் போடச் சொன்னீர்கள், இதை மட்டும் நான் எடுத்துப் போடவில்லை, அக்காவும் திரும்பக் கேட்கவில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றி வைப்பதோடு சரி என்றாள். பிரித்தார். மடிப்பு இற்றுப்போகவில்லை. புளியங்கொட்டை நிறத்தில் உடம்பு, பார்டரில் மெல்லிய வெந்தய இழை. பக்கத்தில் ஓட்டை வைத்துப் பார்த்தார், டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் கறுப்பாகத் தெரிந்தன. அட முட்டாளே... ஒவ்வொரு பெண்ணிடமும், உள்ளே பார்த்து முடிவு பண்ணாதீங்கம்மா, வாசல்ல கொண்டுபோய் வெயில்ல பாருங்க என்று தொண்டை வறளச் சொல்கிறவன், காலையிலிருந்து எட்டு ஓட்டையும் டியூப்லைட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அய்யாதுரை ஒரு தோளில் புடவையும் ஒரு கையில் ஓடுமாகப் படியிறங்கினார். சந்தில் நாலு மணி வெயில் கொய்யாப்பழக்காரி வண்டிவரைக்கும் விழுந்திருந்தது, போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும், எதிர்க் கடை வளையல்காரர் என்ன அண்ணாச்சி, புடவைக்கு ஓடு மேட்சிங்கா என்று கேட்டார், ஆமா, ஜாக்கெட்டுக்குத்தான் தேடுதேன் என்று இவரும் சொல்லிவைத்தார். வெயிலில் இரண்டும் விழித்துக்கொண்டன. சரியாக ஒன்று என்று சொல்ல முடியாது, ஓடு ஒரு சாயல் சிவப்பு, புடவை ஒரு சாயல் மண், அக்காள் தங்கை அளவுக்கு ஒற்றுமை, போதும். பக்கத்து வீட்டு நீலத்துக்கும் அந்தப் பக்கத்து வெள்ளைக்கும் நடுவில் இந்தக் கலர் உட்கார்ந்து, மழையில் நனைந்து, கழுவின புளியங்கொட்டையாக மினுக்கினால்... கடற்கரையிலிருந்து திரும்புகிறவர்கள் பார்ப்பார்கள், அவளும் பார்ப்பாள், தெரு முனையில் திரும்பும்போதே. அங்கேயே நின்று வெங்கடேஷுக்குப் போன் போட்டார். எட்டாம் நம்பர், முகடு உள்பட எல்லாம் அதே கலரு, பார்டர் வேண்டாம் என்றார். பார்டரா என்று அவன் கேட்டான். அது ஒனக்கு வேண்டாம்பா, எட்டாம் நம்பர்னு எழுதிக்கோ என்று வைத்துவிட்டார். மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம். எவ்வளவு காலத்துக்கப்புறம் ஒரு வியாபாரம் இப்படித் திருப்தியாக முடிந்தது.

இனி அவளிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஆரம்பித்தால் அவள் இத்தனை வருஷமாக அழகாக மடித்து வைத்திருந்த ஒன்றை உதறிப்போட்டது மாதிரி ஆகிவிடும், மன்னித்துக்கொள் என்றால் எதற்கு என்பாள், எதற்கு என்று இவர் சொல்ல ஆரம்பித்தால் கமர் மாட்டுவாள்... விரல் அதற்குள் வீட்டு நம்பரை அழுத்திவிட்டிருந்தது, சொல்லுங்க என்று அவள் எடுத்துவிட்டாள்.

"புஷ்பம், ஓடு எல்லாக் கலரும் தீந்துபோச்சாம். ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சிக் கெடக்காம்."

"என்ன கலரு?"

"புளியங்கொட்டை. யாரும் எடுக்கலியாம். பரவாயில்லியா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"மிஞ்சினதுதான நமக்கு" என்றாள். குரலில் என்ன இருந்தது என்று அவரால் பிடிக்க முடியவில்லை. "அதையே எடுத்துருங்க." பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "கமரு பக்கத்துல நிக்காளா?"

அய்யாதுரை திரும்பிப் பார்த்தார். கமர் வாசற்படியில் நின்று ஆகாயத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"இல்லியே" என்றார்.

"சரி சரி. வரும்போது ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

போனை ஜேபியில் போட்டார், புடவையைத் தோளிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது, இவருக்குத் தெரியும் என்று. தெரிந்தும் எலுமிச்சம்பழம். அதையே எடுத்துருங்க... இந்த வார்த்தையை இதற்கு முன்னால் எங்கே கேட்டார்? பாலவாக்கத்தில் மனை பார்க்கப் போனபோது, லேஅவுட்டில் எல்லாம் போய் ஒடுக்கமான மனை ஒன்றுதான் மிச்சம், யாரும் எடுக்காததுதான, அதையே எடுத்துருங்க என்றாள், அந்த இடத்தில் நின்றால்தான் கடல் சத்தம் கேட்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது, அவளுக்கு எப்போது தெரியும்? அடுத்த மனைக்காரரே அதற்கும் அட்வான்ஸ் கொடுக்க வந்துவிட்டு மனசு மாறிப் போனதாகத் தரகர் சொன்னாரே, மனசை மாற்றினது யார்? ஓடு வெயிலில் சூடேறிக் கை பொறுக்கவில்லை, மறு கைக்கு மாற்றிக்கொண்டார். உடன்குடிக்காரர்கள். பொருந்தின ஜாதகம் ஒரு மாதத்தில் எப்படிப் பொருந்தாமல் போகும், நட்சத்திரமா இடம் மாறியது, ஒரே பெஞ்சு, கல்யாணப் பந்தலில் காதில் என்னவோ சொல்லி அந்தச் சிரிப்பு... ஊரெல்லாம் மிஞ்சின மாப்பிள்ளை என்று சொன்னதை முப்பத்துநாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்தாரே, நிஜமாகவே மிஞ்சினாரா, இல்லை அவரையும் யாராவது எடுத்து அடியில் வைத்தார்களா? இன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டுவிட வேண்டும். கேட்டால் சொல்லுவாளா, இல்லை, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாளா...